நீலக்கழுகு பேசிய இந்தி

சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் வீரர்களைப் பெரியவனான பிறகு திரும்பப் பார்க்கக் கூடாது. பார்த்தே தீர வேண்டும் என்றால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்க வேண்டும். பெண் வீட்டாரை வரிசையாக உட்கார வைத்து, கையில் முறுக்குத் தட்டையும் கொடுத்து, "இதைப் பாத்தீங்கன்னா நான் யாருன்னு உங்களுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டுப் பார்க்கவே கூடாது. புரிந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வீடு விருதுநகரில். வேலை சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவேன். (கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவதுதான். ஆனால் வீட்டில் எல்லோரும் "வரையிறான்" என்றே சொல்லி வந்தார்கள். நானும் மறுக்கவில்லை.) மயில், ரோஜா, கொழுகொழு குழந்தை என்று ஓடிக்கொண்டிருந்த சீசனில் ஒரு கம்பெனி ராக்கெட் பெட்டிக்குப் புது லேபிள் கேட்டது. "ஒரு வீரன் மாதிரி இருக்கணும்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். நான் நீலக்கழுகை வரைந்தேன்.

நீலக்கழுகு யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. யாருக்குமே தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டெல்லியிலிருந்து ஒளிபரப்பான கார்ட்டூன் அது. ஏதோ வெளிநாட்டுச் சரக்கு, இந்தியில் பேச வைத்திருந்தார்கள். ஒரு வருடம் போல ஓடிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. எங்கள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவளான எஸ்தர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். (அவளுக்கு எப்படி இந்தி தெரியும் என்று நான் கேட்டதே இல்லை. அக்காவுக்கு எல்லாம் தெரியும். அதில் கேட்க என்ன இருக்கிறது?)

ஒவ்வொரு வாரமும் முடிவில் நீலக்கழுகு நம் பக்கம் திரும்பி, நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்வார். பொய் சொல்ல மாட்டேன். அடுத்தவர் பொருளைத் தொட மாட்டேன். ஆபத்தில் யாரையும் விட்டுவிட்டு ஓட மாட்டேன். டிவிக்கு முன்னால் நானும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். கேலி செய்யாமல் கேளுங்கள்: வளர்ந்த பிறகும் சொன்னேன். அச்சகத்தில் வேலைக்குச் சேரப் போனபோது முதலாளி, "உன்னைப் பத்திச் சொல்லு" என்றதற்கு இந்த மூன்றையும்தான் சொன்னேன். அவர், "சம்பளம் கூட்டிக் கேக்க மாட்டேல்ல?" என்று மட்டும் கேட்டார்.

லேபிள் சரிபார்க்க அந்தப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து செல்லத்துரை என்பவர் வந்தார். வருடத்தில் பாதி நாள் பாட்னா, கான்பூர் என்று அலைந்து ஆர்டர் பிடிக்கிறவர். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, பேச்சுக்கு நடுவே இரண்டு இந்தி வார்த்தை. படத்தைப் பார்த்தவர் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு தம்பி இது? ராசா மாதிரில்ல இருக்காக!"

நான் சொன்னேன். உடைந்த பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு முழு ரயிலையும் கடக்க வைத்த கதை, சத்தியம், நெஞ்சு, கை, எல்லாம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் காலத்துல ஒரு கொள்கையோட வளந்த பையனப் பாக்கவே முடியல. நீங்க எந்தச் சபை தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தென் மாவட்டக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு பியூலா என்று ஒரு மகள் இருந்தாள். சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டிலும் எஸ்தர் அக்காவுக்கு வரன் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்த நேரம். டீச்சரான அவள், "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அவனுக்கு முதல்ல முடிங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பெண் பார்க்கப் போனோம். பியூலாவோடு தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அந்த நேரம் முழுவதும் நீலக்கழுகைப் பற்றிப் பேசினேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அவுக இப்பவும் டிவில வர்றாகளா?"

ஆர்வத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். நான் எப்போது நிறுத்துவேன் என்று கேட்டாள் என்பது இப்போது புரிகிறது.

அந்த ஒரு கேள்விக்காக மதுரையில் சிடி கடை சிடி கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு கடைக்காரர் வடக்கே எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார். உறையில் இந்தி எழுத்து, படம் எதுவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தும் நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கழித்து முதல் முறையாக அதை பியூலாவோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். (காதல் மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்லத்துரை, அவர் மனைவி, பியூலா, கார் ஓட்டி வந்த அவள் அண்ணன் ஜெயசிங். ஜெயசிங் பேசுகிற ஆள் இல்லை. வந்ததிலிருந்து "ம்" என்பதைத் தாண்டி அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அம்மா மட்டன் குழம்பு வைத்திருந்தாள். நான் டிவிக்குப் பக்கத்தில் சிடியோடு நின்றதைப் பார்த்ததும் அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏலே சாமு, வந்தவகளச் சாப்பிட வச்சு அனுப்புவோம்லே. பொம்மப் படத்த இன்னொரு நாளைக்குப் போட்டுக்கிடலாம்."

"பொம்மப் படம் இல்லம்மா அது."

"கரண்டு வேற போற நேரம்" என்றாள், நம்பிக்கையோடு.

அது தமிழ்நாடே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த காலம். மத்தியானம் கரண்ட் போவதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம். அன்றைக்கு மட்டும் அது போகவில்லை. இன்றுவரை மின்வாரியத்தின் மீது எனக்குள்ள வருத்தம் அது ஒன்றுதான்.

"இதைப் பாத்தீங்கன்னா நான் யாருன்னு உங்களுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் நீலக்கழுகு பறந்து வந்தார். ரோஸ் கலரில்.

சாதாரண ரோஸ் இல்லை. திருவிழாவில் விற்கிற பஞ்சுமிட்டாய் ரோஸ். வயிறு முன்னால் வந்திருந்தது. கால்கள் ஊதுபத்தி மாதிரி இருந்தன. நான் லேபிளில் வரைந்திருந்த தோளும் மார்பும் இவரிடம் எங்கே தேடியும் இல்லை.

"நீலம்னு சொன்னீகளே தம்பி?" என்றார் செல்லத்துரை.

"டிவி கலர் கொஞ்சம் மாறியிருக்கும் மாமா" என்றேன். ஓடிப்போய்க் கலரைக் கூட்டினேன். இன்னும் ரோஸ் ஆனார்.

அதற்குள் தலைப்புப் பாட்டு ஆரம்பித்தது. "கபூதர்! கபூதர்!" என்று ஒரு கூட்டமே பாடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செல்லத்துரை பக்கம் திரும்பி, "கபூதர்னா கழுகு" என்று விளக்கினேன். வருடத்தில் பாதி நாள் இந்தியில் வியாபாரம் பேசுகிற மனிதருக்கு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "கபூதர்னா புறால்ல தம்பி" என்றார், மெதுவாக. துக்கச் செய்தி சொல்கிற குரல் அது.

நான் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். அவள் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவசரமாக அடுப்படிக்குள் போனாள். தட்டில் முறுக்கு நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? புறா பறந்தார். பறந்தார் என்றால் ஒரே இடத்தில் குப்புறப் படுத்திருந்தார். மேகங்கள்தான் அவரைத் தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. கீழே ஒரு தென்னைமரம் போனது. கொஞ்ச நேரத்தில் அதே தென்னைமரம் மறுபடி வந்தது. பிறகும் வந்தது. "ஊரச் சுத்திச் சுத்தி வர்றாரோ?" என்று அப்பா உண்மையான அக்கறையோடு கேட்டார். பேசும்போது எல்லோருக்கும் வாய் மட்டும்தான் அசைந்தது. வில்லனும் கதாநாயகியும் ஒரே குரலில் பேசினார்கள். யார் பேசுகிறார்கள் என்று வாயைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நல்லவேளையாக வந்தது பாலம் உடைகிற கதை. எனக்கு உயிர் திரும்பியது. "இப்ப பாருங்க" என்றேன். பாலம் உடைந்தது. ரயில் வந்தது. தண்டவாளத்தில் கதாநாயகியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ரயில் தானாகவே பிரேக் போட்டு நின்றது. எல்லாம் முடிந்த பிறகு புறா வந்து இறங்கி, என்ஜின் டிரைவரிடம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். இருபது வருடமாக நான் மனதில் வைத்துப் பூஜித்த இடம் அது. "என் உயிர் போனாலும் இந்த மக்கள் உயிர் போகாது" என்று அவர் சொன்ன இடம்.

"என்ன சொல்றாக?" என்று பியூலா தன் அப்பாவைக் கேட்டாள்.

செல்லத்துரை என்னைப் பார்த்தார். சொல்லாமல் விட அவர் முயன்றார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் நேர்மையான மனிதர்.

"'நல்லவேளை, நீங்களே நிப்பாட்டிட்டீங்க. எனக்கு ரெண்டு நாளா இடுப்புல பிடிப்பு'ங்கிறாரு."

திரையில் புறாவும் டிரைவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பியூலாவின் கண் வேறு எங்கோ இருந்தது.

"மொதல்ல அந்தப் பிள்ளைய அவுத்து விடச் சொல்லுங்கப்பா" என்றாள். "எம்புட்டு நேரமா கெடக்கு. கை மரத்துப் போயிரும்."

புறா அவிழ்த்துவிடவே இல்லை. அவளைத் தண்டவாளத்தில் அப்படியே விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பினார். நெஞ்சில் கைவைத்தார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரிந்தது. ரோஸாக இருக்கட்டும், புறாவாக இருக்கட்டும், இடுப்பு வலிக்கட்டும். சத்தியம் இருக்கிறதே.

"மாமா, இத மட்டும் கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

செல்லத்துரை முன்னால் குனிந்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டு, ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"'பிள்ளைகளா, நான் பறக்கிறது சும்மா படம். யாரும் மாடியிலேருந்து குதிச்சுப் பாக்காதீங்க.'"

என் இடது கை முழங்கையில் முழுதாக நீளாது. மூன்றாம் வகுப்பில் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து குதித்ததில் வந்த பரிசு. பியூலா அந்தக் கையைப் பார்த்தாள்.

"'டிவிக்கு ரொம்பக் கிட்ட உக்காந்து பாக்காதீங்க. கண்ணு கெட்டுப் போகும்.'"

பியூலா என் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"'ராத்திரி மறக்காம பல்லு வெளக்குங்க.'"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒவ்வொரு வாரமும் அந்த மனிதர் நெஞ்சில் கைவைத்து என்னிடம் மன்றாடியிருக்கிறார். நானும் நெஞ்சில் கைவைத்து, வேறு எதையோ சத்தியம் செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

படம் முடிந்து திரை கறுப்பானது. அதில் நாங்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. செல்லத்துரை தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப அந்தப் பொய் சொல்ல மாட்டேன், திருட மாட்டேங்கிறது... அது எங்கன வருது தம்பி?"

"அது நான் சொன்னது மாமா" என்று அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது. எஸ்தர் அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றிருந்தாள். "எனக்கும் இந்தி தெரியாது. இவன் ஒண்ணும் புரியலன்னு அழுவான். அழுதா அம்மா என்னையத்தான் ஏசுவாக. அதான் வாயில வந்ததச் சொன்னேன்."

"சரிம்மா. சத்தியம் எதுக்கு?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எப்படியும் காரியம் கெட்டாயிற்று என்று துணிந்துவிட்டாள்.

"என் டிபன்ல வைக்கிற முட்டைய இவன் எடுத்துத் தின்னுருவான். அதான் அடுத்தவங்க பொருளத் தொட மாட்டேன்னு ஒண்ணு சேத்தேன். அப்பா கண்ணாடிய இவன் ஒடச்சிட்டு எம்மேல பழியப் போட்டு எனக்கு அடி வாங்கிக் குடுத்தான். அதுக்கு ஒண்ணு. பள்ளிக்கூடம் போற வழியில நாய் வெரட்டுனா என்னைய விட்டுட்டு ஓடிருவான். அதுக்கு ஒண்ணு."

என் வாழ்க்கையின் கொள்கைகள் மூன்றும் ஒரு பெண்பிள்ளையின் முட்டையைக் காப்பாற்றுவதற்காக உண்டானவை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் யாருக்கோ புரை ஏறிவிட்டது என்று நினைத்தோம். ஜெயசிங் சிரித்துக்கொண்டிருந்தான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சுவிட முடியாமல் சிரித்தான். "முட்டையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தான். அவன் அம்மா அவனை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாப்பிட்டார்கள். மட்டன் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். "போயிட்டு போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பியதும் கரண்ட் போனது.

போன் வருவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அச்சகத்தில் ராக்கெட் லேபிள் கட்டுக்கட்டாக அடித்து அடுக்கியிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நீல நிறத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு குழந்தைப் படத்துக்குக் கன்னம் சிவக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு போன் வந்தது. வெகுநேரம் "சரிங்க, சரிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பொண்ணு வேண்டாங்குது."

"என்ன காரணம் சொல்றாக?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா தயங்கினார். பியூலா சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "'ஒரு புறாவ இருவது வருசமா கழுகுன்னு நம்புனவரு, என்னைய என்னன்னு நெனச்சுக் கட்டுவாரோ, எனக்குப் பயமா இருக்கு'ன்னுச்சாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. யோசிக்க யோசிக்க அது நியாயமான பயமாகத்தான் பட்டது. அந்தப் பேச்சில் ஒரு நேர்மை இருந்தது. அதனாலேயே அவளை இன்னும் பிடித்துப் போனது. அதைவிடக் கேவலமான நிலைமை ஒரு மனிதனுக்கு வர முடியாது.

"இன்னும் ஒண்ணு சொன்னாரு" என்றார் அப்பா. "அவுக மகன் ஜெயசிங், நம்ம எஸ்தரக் கேக்கானாம். பேசுனா இந்தப் பிள்ளையோடதான் பேசுவேன்னு நிக்கானாம்."

அம்மா அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் அழுதோம். அவள் மட்டும் சந்தோஷத்தில் அழுதாள்.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் வந்து நின்றாள். "உனக்குக் கஷ்டமா இருந்தா நான் வேண்டாம்னு சொல்லிருதேன்லே" என்றாள். முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே சொல்லிவிடுவாள் போல இருந்தது.

கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பழக்கதோஷம். "கஷ்டமாத்தான் இருக்கு. நீ கட்டிக்கோ" என்றேன்.

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். பஸ்ஸும் வந்துவிட்டது.

அக்காவின் கல்யாணம் சிவகாசியில் நடந்தது. பந்தியில் நான் பரிமாறினேன். பியூலாவின் இலைக்குச் சாம்பார் ஊற்றும் பாக்கியமும் கிடைத்தது. ஜெயசிங் அத்தான் அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர், இன்னும் நிறுத்தவில்லை. பேசுவதில் பெரும்பகுதி என்னைப் பற்றியதுதான். பின்னால் எனக்கும் காரியாபட்டியில் ஒரு பெண் அமைந்தது. நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெண் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது: "உங்களுக்கு இந்தி தெரியுமா?" அத்தான் முந்தின நாளே போனில் பேசியிருக்கிறார்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இப்போது 'எஸ்தர் இந்தி' என்றொரு மொழி இருக்கிறது. கேட்க நன்றாக இருந்து, நம்ப முடியாதபடி இருக்கிற எல்லாமே எஸ்தர் இந்தி. ஒண்ணும் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், வீட்டுக்கு வந்ததும், "நெசமாவா, எஸ்தர் இந்தியா?" என்று கேட்பார்கள். ஆடித் தள்ளுபடி எஸ்தர் இந்தி. வேட்பாளர்கள் வீடு வீடாக வந்து பேசுவது சுத்தமான எஸ்தர் இந்தி.

போன வருடம் சூலக்கரைக்கு அப்பால் ஒரு மனை வாங்கினேன். பக்கத்திலேயே பள்ளிக்கூடம் வருகிறது, எதிரே நாலுவழிச் சாலை பிரிகிறது, தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர் என்று புரோக்கர் சொன்னதை எல்லோரிடமும் சொல்லி, பத்திரம் முடிந்த கையோடு வேன் பிடித்துக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேல மரங்கள் நின்றன. நடுவே என் மனையின் நாலு கல். ஒரு ஆடு அதில் ஒன்றின் மேல் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

செல்லத்துரை மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாலு பக்கமும் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "எஸ்தர் இந்தியா தம்பி?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். வேனைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்காவுக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது.

"நான் சொல்லியிருந்தா இம்புட்டு மோசமாவா இருந்திருக்கும்?" என்றாள். "கொறஞ்சது ஒரு ஆறு ஓடியிருக்கும்லே."